மங்கலை அளக்கும் கண்

நான் எடுத்த குதிக்கும் சிலந்தியின் படங்கள் இரண்டைப் பார்த்துவிட்டு, தாராபுரத்தைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் இரு கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். சிலந்தியின் கண்கள் அத்தனை தெளிவாக இருக்க, அதே உடலின் பின்பகுதி பனிமூட்டத்தில் நிற்பதுபோல் மங்கியிருப்பது ஏன்? அடுத்தடுத்து எடுத்த இரு படங்களில், ஒன்றில் கண் கன்னங்கரேலென்றும் மற்றொன்றில் தேன் நிறத்திலும் தெரிவது வெளிச்சத்தின் கோளாறா? இரண்டுக்குமான விடைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதற்கேள்வி பத்தாம் வகுப்பு ஒளியியல்தான். லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ள புள்ளியை மட்டுமே சென்சாரின் மேல் புள்ளியாகக் குவிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் சிறு வட்டங்களாக விரிந்து விழுகின்றன. பொருளை நெருங்க நெருங்க இந்த வட்டங்கள் விரைந்து பெருக்கின்றன. உயிரியின் உண்மை அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருக்கும் மேக்ரோ படத்தில், லென்ஸின் துளையை எஃப் 8 என்று வைத்தால், சாதாரண கேமராவில் தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான். எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள சிலந்திக்கு அது எப்படிப் போதும்? துளையை மேலும் சுருக்கினால், அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு குறுக்கிட்டுப் படம் முழுவதையும் சற்றே மழுக்கிவிடும். பல படங்களை எடுத்து அடுக்கிச் சேர்க்கலாம் என்றால், அதுவரை சிலந்தி அசையாதிருக்க வேண்டும். கிளையும் அசையாதிருக்க வேண்டும்.

கிளை அசையாதிருப்பது எங்கள் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் பேறு இல்லை. வைகாசி முடிந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வரை ஆவணி கழியும்மட்டும் ஓய்வதில்லை. காற்றாலை வைத்திருப்பவருக்குக் கொண்டாட்டம். மேக்ரோ படம் எடுப்பவருக்குத் திண்டாட்டம். மேலே சொன்ன படங்களை, காங்கேயத்துக்கு அருகே என் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலியில், பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்து விடியற்காலையில் எடுத்தேன். பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திய கேமராவும், வெளிச்சத்தை மென்மையாக்க ஃப்ளாஷின் மேல் ஒட்டிய பால் கவருமே அன்றைய கருவிகள். கொழுக்கட்டைப் புல்லில் எருமைக் கன்றை அவிழ்த்துவிட்டு வந்த அமுச்சி, கிளை ஆடுவதால் நான் படும் பாட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைப் புடிச்சுக்கட்டுமா சாமி?" என்று கேட்டு, முள் படாத இடமாகப் பார்த்து இரு விரல்களால் கிளையைப் பிடித்துக்கொண்டார். எட்டுக்கால் பூச்சி மோண்டால் அக்கி வரும் என்று என்னைச் சிறுவயதில் அதட்டியவரும் அவரேதான்.

அக்கி என்பது, முன்பு வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் உறங்கிக் கிடந்து பின்னாளில் விழித்தெழுவதால் வருவது. அதில் சிலந்திக்கு எந்தப் பங்கும் இல்லை. மழைக்காலத்தில் விளக்கைத் தேடிவரும் பீடரஸ் என்னும் சிறு வண்டைத் தோலின் மேல் நசுக்கிவிட்டாலும் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும்; அந்தப் பழியும் பல வீடுகளில் சிலந்தியின் தலையில்தான் விழுகிறது. அக்கிக்குக் காவி எழுதிக்கொள்வதை நான் கேலி செய்வதில்லை. ஆனால் கண்ணருகே அக்கி கண்டவரை மருத்துவரிடம் கொண்டுபோகாமல் காவியோடு வீட்டில் கிடத்துவதை மன்னிக்கவும் என்னால் இயலாது. அதில் பார்வையே போகலாம்.

இனி இரண்டாம் கேள்வி. குதிக்கும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். ஓரத்தில் இருப்பவை அசைவைக் கண்டறிகின்றன. முன்னால் நடுவில் இருக்கும் பெரிய இரண்டே உருவத்தைப் பார்க்கின்றன. இவற்றின் லென்ஸ் உடலின் ஓட்டோடு ஒட்டியிருப்பதால் நம் விழியைப்போல் உருளாது. ஆகவே லென்ஸுக்குப் பின்னால் நீண்ட குழாயின் அடியில் இருக்கும் விழித்திரை நகர்கிறது. குழாய் ஒவ்வொன்றையும் ஆறு தசைகள் இழுத்துத் திருப்புகின்றன. அந்தக் குழாய் உங்களை நோக்கித் திரும்பியிருந்தால் கண் கறுப்பாகத் தெரியும். வேறு பக்கம் திரும்பியிருந்தால் உடலின் உட்புற நிறம் தேன்போல் தெரியும். கறுத்த கண் உள்ள படம், மாணவி அவர்களே, சிலந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கணம்.

அந்த விழித்திரையில்தான் என்னை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டிருக்கும் அதிசயம் இருக்கிறது. அது ஒற்றைத் தளமன்று. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடுக்குகள். இவ்வமைப்பை விலங்கியலாளர் மைக்கேல் லேண்ட் 1969இல் விவரித்தார். லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தொலைவில் குவிப்பதால், அடுக்குக்கு ஒரு நிறம் என்று கருதுவது இயல்பே. ஆனால் 2012இல் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நகாடா குழுவினர், வெப்பநாடுகளின் வீட்டுச் சுவர்களில் பரவலாகத் திரியும் ஹசேரியஸ் அடன்சோனி என்னும் சிலந்தியை ஆராய்ந்தபோது, கடைசி அடுக்கும் அதற்கு முந்தைய அடுக்கும் பச்சை ஒளியையே உணர்வதைக் கண்டனர். பச்சையோ கடைசி அடுக்கில் மட்டுமே கூர்மையாகக் குவிகிறது. அப்படியானால் முந்தைய அடுக்கு, ஆயுள் முழுவதும் மங்கலான பிம்பத்தை மட்டும் பெற்றுக்கொண்டிருக்கிறது. இயற்கை ஏன் இப்படி ஓர் அடுக்கை வீணாக வளர்க்க வேண்டும்?

அது வீணாகவில்லை. ஈ அருகில் இருந்தால் அதன் பிம்பம் லென்ஸிலிருந்து இன்னும் தள்ளிக் குவியும். முந்தைய அடுக்கில் மங்கல் கூடும். ஈ தொலைவில் இருந்தால் மங்கல் குறையும். ஆக, கூர்மையான பிம்பத்தையும் மங்கிய பிம்பத்தையும் ஒப்பிட்டால் இரையின் தூரம் கிடைத்துவிடும். லென்ஸை நகர்த்தவும் வேண்டாம், நம்மைப்போல் இரு கண்களின் காட்சியை ஒப்பிடவும் வேண்டாம். இதைச் சோதித்த விதம்தான் அழகு. பச்சை ஒளியில் சிலந்திகள் குறி தவறாமல் பாய்ந்தன. பச்சை கலவாத சிவப்பு ஒளியில், ஈயை எட்டாமல் முன்னாலேயே விழுந்தன. சிவப்பு இன்னும் தள்ளிக் குவிவதால் முந்தைய அடுக்கில் மங்கல் கூடுகிறது. மங்கல் கூடியதைக் கண்ட சிலந்தி இரை அருகிலிருப்பதாகக் கணக்கிட்டு ஏமாந்துபோகிறது. பிழை எந்தப் பக்கம் நேரும் என்று கோட்பாடு முன்கூட்டியே சொன்னதோ, சிலந்தி அந்தப் பக்கமே தவறியது.

2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் இதே உத்தியைப் பின்பற்றி, தூரத்தை அளக்கும் மிகச் சிறிய கருவி ஒன்றைச் செய்தனர். சுவரில் ஊரும் பூச்சியைப் பார்ப்பதற்குப் பணமா என்று கேட்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது என் வழக்கம். ஆனால் இப்படி ஒரு கருவி பிறக்காதிருந்தாலும் அந்த ஆய்வுக்குக் கொடுத்த பணம் நல்ல பணமே என்பது என் துணிபு. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018இல் திறந்தது. அங்கே கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுள் ஒருவருக்காவது, பின்னாளில் சிலந்தியைப் பற்றி ஆராய உதவித்தொகை கிடைக்க வேண்டும்.

மாணவிக்கு விடை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பழைய படத்தை மீண்டும் திறந்தேன். சிலந்திக்குப் பின்னால், கீழ் மூலையில், மஞ்சள் கலந்த பழுப்பாக ஒரு கறை. அதை வெட்டி எறியப் பலமுறை எண்ணியதுண்டு. அது கிளையைப் பிடித்திருந்த அமுச்சியின் விரல். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 8, உண்மை அளவுப் படம் என்பன தெரியுமாதலால், சிலந்தி செய்யும் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். விரலின் விளிம்பு சென்சாரில் ஏறத்தாழ 2.7 மி.மீ. அகலத்துக்குக் கரைந்திருந்தது. அவர் விரல் சிலந்திக்கு ஏழரை சென்டிமீட்டர் பின்னால் இருந்திருக்கிறது. அமுச்சியின் கணக்கில் நான்கு விரற்கடை.