இலை மடிக்கும் நியூட்

ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் கிராமத்துக் குளங்களில் ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். நீருக்குள் வளரும் புல்லில் சில இலைகள் மட்டும் குறுக்கே மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஒரே ஒரு முட்டை, வெளிர் மஞ்சளாக. மடித்தது பெருங்கொண்டை நியூட் என்கிற, நீரிலும் நிலத்திலும் வாழும் சின்னப் பிராணி. பிரிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடிப்பு பிரிந்தால் முட்டைக்குப் பாதுகாப்பு போய்விடும். தவிர, பிரிட்டனில் இந்த நியூட்டும் முட்டையும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

நியூட் பார்ப்பதற்குப் பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குத்தான் உறவு. உடம்பில் செதில் கிடையாது, ஈரத்தோல்தான். நம் ஊர்க் குளங்களில் நியூட் இல்லை. இந்தியாவில் இதன் உறவினர் இருப்பது டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மலைகளிலும்தான். அதனால் தமிழில் இதற்கென்று வழக்குப் பெயரும் இல்லை.

பெருங்கொண்டை நியூட் பிரிட்டனிலிருந்து ரஷ்யா வரை பரவியிருக்கிறது. நீளம் 15 செ.மீ. அளவுக்கு வரும், பெண் கொஞ்சம் பெரிது. முதுகு கருத்து, சொரசொரவென்று இருக்கும். விலாவில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். வயிறு மட்டும் பளீரென்ற ஆரஞ்சு, அதில் கறுப்புத் திட்டுகள். ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. ஆய்வாளர்கள் வயிற்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கைரேகைபோல அதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

கொண்டை ஆணுக்கு மட்டும்தான். வசந்தத்தில் முதுகு நெடுக ரம்பப் பல்போல எழும்பும், பருவம் முடிந்ததும் வற்றிவிடும். வாலில் வெள்ளிக் கோடு ஒன்றும் ஓடும். இரவில் பெண்ணின் முன்னால் நின்று முதுகை வளைத்து, வாலை விசிறியாக ஆட்டித் தன் வாசனையை நீரில் அனுப்பும். கட்டிப்பிடிப்பதெல்லாம் கிடையாது. விந்துப் பொதியைக் குளத்தின் தரையில் வைத்துவிடும். பெண்ணுக்குப் பிடித்திருந்தால் அதன்மேல் நகர்ந்து வந்து உள்ளே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம்தான் இலை வேலை. பெண் நியூட் ஓர் இலையை மோந்து பார்த்து, பின்னங்கால்களால் பற்றி மடித்து, நடுவில் ஒரு முட்டையை இடும். முட்டையைச் சுற்றியிருக்கும் பசையே மடிப்பை ஒட்டிவிடும். பிறகு அடுத்த இலை. ஒரு பருவத்தில் இப்படி 200 முட்டைக்கு மேல்கூட இடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மடிப்பு.

இவ்வளவு பொறுமையாக மடித்தவற்றில் பாதி முட்டை பொரிவதே இல்லை என்பதுதான் என்னை உலுக்கும் செய்தி. குளத்தில் கோளாறு எதுவும் இல்லை, காரணம் மரபணுவில் இருக்கிறது. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். இதன் முதலாம் குரோமோசோம் இரண்டு வடிவங்களில் வரும். அவற்றை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். உயிர் வாழத் தேவையான சில மரபணுக்கள் அ-வில் இல்லை, ஆ-வில் இருக்கின்றன. வேறு சில ஆ-வில் இல்லை, அ-வில் இருக்கின்றன. ஆகவே இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பிழைக்க முடியும். அம்மா, அப்பா இருவருமே அ-ஆ. பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வரும். பிள்ளைகளில் கால்வாசிக்கு அ-அ, கால்வாசிக்கு ஆ-ஆ கிடைக்கும். இந்தக் கருக்கள் வால் அரும்பும் கட்டத்திலேயே நின்றுவிடும். மீதிப் பாதிதான் பொரியும். அதுவும் மறுபடி அ-ஆ தான். தலைமுறை தலைமுறையாக இந்த இழப்பு அப்படியே தொடர்கிறது.

பொரித்த குஞ்சுக்குக் கழுத்தோரம் இறகு போன்ற செவுள்கள். தவளைத் தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால் முதலில் வெளியே தெரியும், இதற்கு முன்னங்கால். கோடை முடிவில் செவுள் சுருங்கிக் கரையேறும். பிறகு 2, 3 ஆண்டுகள் புல்லிலும் புதரிலும் புழு பூச்சி தின்று வளரும். குளிர்காலத்தைக் கல்லடியிலோ மட்கிய மரத்தடியிலோ கழிக்கும்.

குளத்தில் மீன் இருந்தால் இது எதுவும் நடக்காது. இந்த நியூட்டின் குஞ்சு அடியில் பதுங்காமல் நடு நீரில் நீந்துவது. மீனுக்கு அது சுலபமான இரை. அழகுக்காக யாரோ விட்ட நாலு மீன் போதும், பொரித்த பாதியும் போய்விடும். அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை கோடையில் வற்றிப்போகிற குளம்தான் இவற்றுக்கு நல்ல குளம். அந்த வருடத்துக் குஞ்சுகள் சாகும், உண்மைதான். ஆனால் மீனும் ஒழிந்துவிடும். பல ஆண்டுகள் வாழக்கூடிய பெரிய நியூட்டுகள் கரையில் காத்திருந்து, அடுத்த வசந்தத்தில் தண்ணீர் நிறைந்ததும் இலை மடிக்க வந்துவிடும்.