அரிப்புக்குக் காரணம் உணவுதானா?

உடம்பு அரித்தால் சந்தேகம் உடனே சாப்பாட்டின் மேல்தான் பாய்கிறது. நேற்று என்ன சாப்பிட்டோம், புதிதாக எதையாவது சேர்த்தோமா என்று மனம் பின்னோக்கி ஓடும். ஏதோ ஒன்று அகப்படும். அன்றோடு அந்த உணவு வீட்டில் விலக்கப்படும். இரண்டு நாளில் அரிப்பு தணிந்துவிட்டால் தீர்ப்பும் உறுதியாகிவிடும். ஆனால் தோல் அரிப்பு பல நேரங்களில் தானாக வந்து தானாகவே அடங்குவது. எதை நிறுத்தியிருந்தாலும், எதையுமே நிறுத்தாமல் இருந்திருந்தாலும், அது அடங்கியிருக்கக்கூடும். உணவின் மீதான பழியை மெய்ப்பிப்பதில் உள்ள முதல் சிக்கல் இதுதான்.

உணவு போவது வயிற்றுக்குள்; அரிப்பதோ கையும் முதுகும். இரண்டையும் இணைப்பது எது? 1921-இல் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் தம் உடலிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. கார்ல் பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரவுஸ்னிட்ஸ் தம் தோலுக்குள் ஊசியால் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அங்கே தோல் சிவந்து தடித்தது. ஒருவருடைய ஒவ்வாமை, இரத்தத்தின் வழியாக இன்னொருவருடைய தோலில் குடியேறிவிட்டது! அந்த இரத்தத்தில் இருந்த பொருள் இன்னதென்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-இல் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதியர் அதை அடையாளம் கண்டார்கள். ஐஜிஇ என்று இன்று அழைக்கப்படும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) அது.

ஒவ்வாமைக்கு ஆளாகும் உடல், முட்டையிலோ வேர்க்கடலையிலோ உள்ள ஒரு புரதத்தைப் பகை என்று தவறாகக் குறித்துக்கொண்டு, அதற்கென்றே ஐஜிஇ தயாரிக்கிறது. இந்த ஐஜிஇ மூலக்கூறுகள் தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. மாஸ்ட் செல்கள் இருப்பது நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் நரம்பு முனைகளுக்கும் அருகில். அதே உணவை மறுபடி சாப்பிடும்போது, செரிமானத்தில் சிதையாமல் தப்பிய சிறிதளவு புரதம் இரத்தத்தில் கலந்து தோலை எட்டுகிறது. ஐஜிஇ அதைப் பற்றிக்கொள்கிறது. மாஸ்ட் செல் தன்னுள் சேர்த்து வைத்திருந்த ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. ஹிஸ்டமின் பட்டதும் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் தோல் தடிக்கிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் அரிக்கிறது. இதுவரை ஒன்றும் செய்யாத உணவு திடீரென்று ஒவ்வாமல் போவதும் இதனால்தான். முன்பு சாப்பிட்டபோது உடல் ஓசையில்லாமல் ஐஜிஇ தயாரித்துக்கொண்டிருந்திருக்கும்.

இந்த இயக்கம் வேகமானது. ஆகவே கடிகாரம்தான் இங்கே முதல் சாட்சி. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு வந்து, ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடமின்றி மறைந்து, அதே உணவைச் சாப்பிடும்போதெல்லாம் இது திரும்ப நிகழ்ந்தால், உணவைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. மூன்று நாளுக்கு முன் சாப்பிட்ட விருந்தை இன்றைய தடிப்புக்குப் பொறுப்பாக்குவது பொருந்தாது.

விதிவிலக்குகளும் உண்டு. சில வகை உண்ணிகள் கடித்த பிறகு ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. அது மாடு, ஆடு, பன்றி போன்ற பாலூட்டிகளின் இறைச்சியில் இருக்கிறது. இவர்களுக்கு அறிகுறிகள் தோன்றப் பொதுவாக மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். இரவு இறைச்சி சாப்பிட்டுவிட்டு நடு இரவில் அரிப்போடு விழிப்பவருக்குச் சாப்பாட்டின் நினைவே வராமல் போகலாம். வேறு சிலருக்குக் கோதுமை தனியாக எதுவும் செய்யாது. சாப்பிட்ட பின் ஓடினாலோ கடுமையாக உடற்பயிற்சி செய்தாலோதான் தடிப்பு வரும். சரியாகக் குளிரூட்டி வைக்காத சில மீன்களில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. அதைச் சாப்பிட்டுச் சிவந்து அரிப்பது நஞ்சின் வேலை. மீன் ஒவ்வாமை என்று முத்திரை குத்திவிடக் கூடாது.

ஆறு வாரங்களைத் தாண்டியும் ஏறக்குறைய தினமும் தடிப்பு வந்துகொண்டே இருக்கிறது என்றால் நிலைமையே வேறு. இப்படிப்பட்ட நாள்பட்ட காணாக்கடிக்கு உணவு ஒவ்வாமை காரணமாவது அரிது. பலருக்கு உடலின் சொந்த எதிர்ப்புரதங்களே மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. ஆனால் இவர்கள்தான் ஒவ்வொரு உணவாக விட்டுக்கொண்டே போய், கடைசியில் சாப்பிடவே அஞ்சும் நிலைக்கு வருகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். அவர்களுக்குத் தேவை சரியான மருந்து, பட்டினி அல்ல.

எக்ஸிமா என்னும் தோல் அழற்சியில் கடிகாரமும் குழப்பிவிடும். உணவால் அது மோசமானால் ஆறு மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை கழித்தே தெரியவரலாம். அதற்குள் வியர்த்திருக்கும், சோப்பு மாறியிருக்கும், காற்று வறண்டிருக்கும், தோலில் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கும். இவை ஒவ்வொன்றுமே எக்ஸிமாவைக் கிளறக்கூடியவை. இங்கே நினைவை நம்பாமல் எழுதி வைப்பது நல்லது: என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, அரிப்பு எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுத்தோம், என்ன பூசினோம். அரிக்காத நாட்களையும் எழுத வேண்டும். அரித்த நாளில் பால் குடித்தோம் என்பது மட்டும் எதையும் சொல்லிவிடாது. அரிக்காத நாட்களிலும் அதே பாலைக் குடித்திருப்போமே!

பரிசோதனைக் கூடம் நேரடியாக விடை சொல்லிவிடாதா? தோல் குத்துச் சோதனையில் உணவுச் சாற்றின் துளியை வைத்து மேல்தோலை லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளக்கிறார்கள். வெறும் கரைசல் வைத்த இடத்தைவிடத் தடிப்பு 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் ‘பாசிட்டிவ்’. (அரிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சொல்லும்படி சில நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய்க்கும்.) ஆனால் இந்தச் சோதனையும் இரத்தத்தில் ஐஜிஇ அளவைப் பார்ப்பதும் காட்டுவது, உடல் அந்தப் புரதத்தைக் குறித்து வைத்திருக்கிறது என்பதை மட்டுமே. குறித்து வைத்திருந்தும் நிம்மதியாக அதைச் சாப்பிடுபவர்கள் ஏராளம். ‘நெகட்டிவ்’ என்று வந்தால் உடனடி ஒவ்வாமை இருக்க வாய்ப்பு குறைவு. அந்த வகையில் சோதனை பயனுள்ளது. எந்தச் சந்தேகமும் இல்லாமல் நூறு உணவுகளுக்கு மொத்தமாகச் சோதிப்பது வீண் பயத்தைத்தான் விலைக்கு வாங்கும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதத்தின் அளவைப் பார்த்து உணவுப் பட்டியல் தரும் சோதனைகளையோ ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்புகள் ஏற்பதில்லை. ஐஜிஜி இருப்பது பெரும்பாலும் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கான அடையாளமே.

ஆகவே கடைசி விசாரணை சாப்பாட்டில்தான் நடக்கிறது. சந்தேகப்படும் ஒரே ஒரு உணவை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முழுமையாக நிறுத்த வேண்டும். சோப்பு, களிம்பு, மருந்து எதையும் அந்த வாரங்களில் மாற்றக் கூடாது. அரிப்பு குறையவே இல்லையென்றால் அந்த உணவு பெரும்பாலும் குற்றமற்றது, மறுபடி சாப்பிடலாம். குறைந்தால்? பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் உண்மையான சோதனை இனிமேல்தான். அந்த உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்க்காதவரை எதுவும் நிரூபணமாகவில்லை. எதிர்பார்ப்பே அரிப்பை உண்டாக்கும் என்பதால், தேவைப்பட்டால் மருத்துவமனையில் உணவை வேறொன்றில் மறைத்துக் கொடுக்கிறார்கள். எது உண்மையான உணவு, எது போலி என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது.

திரும்பக் கொடுப்பதை எல்லோரும் வீட்டில் செய்துவிடக் கூடாது. முன்பு அந்த உணவால் உடனடித் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, மயக்கம் இவற்றில் எது வந்திருந்தாலும் மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம். மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால் அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை; எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசிதான் அதற்கு முதல் மருந்து, அரிப்பு மாத்திரை போதாது. எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் இன்னும் கவனம் தேவை. பால், முட்டை போன்றவற்றை நீண்ட காலம் விலக்கி வைத்த பிறகு மறுபடி கொடுத்தபோது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை சில குழந்தைகளிடம் தோன்றியிருக்கிறது. வளரும் குழந்தையின் உணவில் கை வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

தடிப்போ சிவப்போ எதுவுமின்றி உடல் முழுவதும் வாரக்கணக்கில் அரித்துக்கொண்டிருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. வறண்ட தோல் முதல் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகள், இரும்புச்சத்துக் குறைவு வரை அதற்குக் காரணங்கள் பல. இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்குப் பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். சில இரத்தப் பரிசோதனைகளும் தோல் மருத்துவரின் ஒரு பார்வையும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். அதுவரை வழக்கமான சாப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை.