அரை ஏக்கர் மஞ்சளுக்கு ஏன் விலை குறைகிறது?

ஒவ்வொரு மாசியிலும் இதே புலம்பல்தான். அரை ஏக்கர் மஞ்சள் போட்டவர் ஈரோட்டில் விற்றுவிட்டு வந்து, "புரோக்கர் ஏமாத்திப்போட்டானுங்க" என்கிறார். இடைத்தரகரை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடைக்கு மேடை பேசிப் பேசியே இந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 10 டன் பச்சை மஞ்சள் என்றால் அரை ஏக்கரில் 5 டன். வேகவைத்துக் காயவைத்தால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 டன்தான் மிஞ்சும். அதிலும் விரல்போல் நீண்ட விரலி வேறு, நடுவிலிருக்கும் உருண்டைக் கிழங்கு வேறு. வியாபாரி வெளியூருக்கு அனுப்புவது லாரி லோடாக. ஒரே நிறத்தில், ஒரே அளவு காய்ந்ததாக 10 டன் வேண்டும். பத்துத் தோட்டத்துச் சரக்கை வாங்கிக் கொட்டி, சலித்து, தரம் பிரித்து ஒன்றாக்கும் செலவைக் கழித்துக்கொண்டுதான் ஏலத்தில் விலை எழுதுவார். தரகரே இல்லாவிட்டாலும் அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும், கூலியும் கேட்பார். ஐந்து ஏக்கர்க்காரருக்கு அவர் களத்திலேயே ஒரு லோடு சேர்ந்துவிடுகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. அப்படியென்றால் இது நம்மில் பெரும்பாலோரின் பிரச்சினை.

மஞ்சள் வேகவைக்கும் பாய்லர் வண்டியிலும் இதே கதைதான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் செலவு பெரிய தோட்டத்துக்கும் சின்னதுக்கும் ஒன்றுதான். அதனால் பாய்லர்க்காரர் பெரிய தோட்டத்துக்குத்தான் முதலில் போவார். வெட்டி இரண்டு மூன்று நாளில் வேகவேண்டிய மஞ்சள் உங்கள் காட்டில் குவியலாகக் கிடக்கும். பிறகு அவசரத்தில் விரலியையும் கிழங்கையும் ஒன்றாகப் போடுவீர்கள். விரலி குழைந்து நிறம் கெடும், கிழங்கு நடுவில் வேகாது. எத்தனை தடவைதான் சொல்வது! நுரை தள்ளி மணம் வந்தபின் மழுங்கிய குச்சியால் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும். 10 முதல் 15 நாள் வெயில்; ராத்திரியில் குவித்து மூடுங்கள். காய்ந்த விரலியை ஒடித்தால் டக்கென்று ஓசை வர வேண்டும்.

வைகாசியில் விதைக்கிழங்கு வாங்கும் முன்பே அக்கம்பக்கத்து அரை ஏக்கர்க்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுங்கள். ஒரே ரகம், ஒரே வாரத்தில் நடவு. அறுவடையும் பாய்லரும் அதேபோல். விவசாயிகளே பங்கு போட்டுச் சேர்ந்து விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வாங்கிவிட்டு, குவிண்டாலுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று சரக்கை வெளியே தள்ளினால் அந்த நிறுவனம் எப்படி நிற்கும்?

உரத்துக்கு மண்டியில் முன்பணம் வாங்காதீர்கள், தயவுசெய்து. வாங்கினால் மண்டிக்காரர் சொன்ன நாளில், அவரிடமேதான் விற்க வேண்டிவரும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை. விலை சரிந்திருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்து, அந்தச் சரக்கின் அடமானத்தில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். வட்டி, தவணை, கிடங்கு வாடகை மூன்றையும் மூட்டை இறக்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஈரமாகக் கொண்டுபோனால் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்து மொத்தமும் போய்விடும்.