கூடைக்குள் ஏறும் சர்க்கரை

எங்கள் காரைக்குடி வீட்டுப் பூனை பட்டாணிக்குச் சர்க்கரை நோய் என்பதை முதலில் காட்டிக் கொடுத்தவை எறும்புகள். இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தின் மூலையில், ஆத்தங்குடிக் கல்லில் அவன் மூத்திரம் காய்ந்திருந்த இடத்தைச் சுற்றிச் சிற்றெறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. "ஆத்தா, இங்கன வந்து பாரு. எனக்கும் முதல்ல இப்படித்தான் தெரிஞ்சது" என்றார் அப்பத்தா. இருபது வருடமாகச் சர்க்கரையோடு வாழ்கிறவர், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவர் சொன்னால் நான் தட்டமாட்டேன்.

பட்டாணிக்குப் பதினோரு வயது. குடும்பக் கட்டுப்பாடு செய்த கடுவன். நல்ல கனமாக இருந்தவன் அந்த இரண்டு மாதத்தில் இளைத்திருந்தான். முற்றத்துத் தொட்டித் தண்ணீரை நக்கிக்கொண்டே இருந்தான். எவ்வளவு தின்றாலும் அடுப்படி வாசலை விட்டு நகரவில்லை. நடையிலும் மாற்றம். பின்னங்கால் விரல்களில் நடக்க வேண்டிய பூனை, குதிகால் தரையில் படும்படி பதித்துப் பதித்து நடந்தது. நெடுநாள் சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது பூனையிடம் தெரிகிற அடையாளம் அது.

எறும்பு வந்தது என்றால் நோய் புதிதல்ல. சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை மூத்திரத்தில் விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ரத்தத்தில் ஒரு அளவுக்கு மேல் போனால்தான் அதற்குச் சமாளிக்க முடியாமல் வெளியே வழியும். மனிதருக்கு அந்த எல்லை ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம். பூனைக்கு 270-ஐ ஒட்டி. அதாவது மனிதரைவிடப் பூனையின் மூத்திரம் தாமதமாகத்தான் இனிக்கிறது.

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் அப்பத்தாவுக்கு வந்த அதே வகை. உடம்பு பெருத்து, இன்சுலினின் சொல்லை உடம்பு கேட்காமல் போகிறது. கணையம் இன்னும் இன்னும் சுரந்து களைக்கிறது. ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. இன்சுலினைச் சுரக்கும் அதே செல்களில் அமிலின் என்றொரு ஹார்மோனும் சுரக்கிறது. மனிதரிலும் பூனையிலும் அது கட்டிதட்டிப் படிந்து, சுரக்கும் செல்களையே நெரிக்கிறது. எலிகளின் அமிலின் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருப்பதால் அப்படிப் படிவதில்லை. அந்தப் படிவு எதனால் ஆனது என்று 1987-இல் கண்டறிந்தவர்கள் பயன்படுத்தியவற்றில், சர்க்கரை நோயுள்ள ஒரு பூனையின் கணையமும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சர்க்கரை நோய் அதிகம் வரும் பூனை இனம் எது என்று பார்த்தால் பர்மியப் பூனை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றிலும் அப்படித்தான் தெரியவந்திருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்த எங்கள் பட்டாணி சுத்தமான நாட்டுப் பூனை. அவனுக்கு வந்தது இனத்தால் அல்ல. பால்சோறும், மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்ட உலர் தீனியும், நாள் முழுக்க முகப்பில் படுத்துக் கிடந்ததும்தான். அதில் எங்கள் பங்கு உண்டு.

பூனையின் உடம்பு மாவுச்சத்துக்காகப் படைக்கப்பட்டதல்ல. அதன் நாக்குக்கு இனிப்பே தெரியாது; இனிப்பை உணரும் மரபணு சிதைந்து கிடக்கிறது. எச்சிலில் மாவைக் கரைக்கும் நொதியும் கிடையாது. இரையின் புரதத்திலிருந்து கல்லீரல் ஓயாமல் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். சோறு போட்டாலும் போடாவிட்டாலும் அந்த உலை அணையாது. மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவுக்கு மாற்றினால் பல பூனைகளுக்கு இன்சுலின் தேவை குறைகிறது. தொடக்கத்திலேயே கட்டுக்குள் கொண்டுவந்தால் சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாத நிலைகூட வருகிறது. அதற்காக வெறும் அவித்த கோழியை நாள்தோறும் போடக் கூடாது. சுண்ணாம்புச் சத்து, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து எல்லாம் அதில் சரியான அளவில் இருக்காது. இன்னொன்று, உணவை மாற்றும்போதே ஊசியின் அளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

தாழ்ந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியவந்தது ஒரு ராத்திரியில். காலையும் மாலையும் ஒவ்வொரு யூனிட் இன்சுலின் தொடங்கி இரண்டு வாரம். பட்டாணியைக் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் கத்தினான், வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு நாய்கள், மேசைமேல் வைத்ததும் மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை 398. "மருந்து பத்தலை" என்று இரண்டு யூனிட்டாக்கினார் மருத்துவர். மூன்றாம் நாள் இரவு, வளவின் தூணில் முட்டிக்கொண்டு, குடித்தவன்போல் தள்ளாடினான். கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்பத்தாதான் முதலில் எழுந்தார். தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினார். விழுங்கத் தொடங்கியதும் உணவைக் கிண்ணத்தோடு முன்னால் வைத்தார். கால் மணி நேரத்தில் தலை நின்றது. அந்த ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை.

மருத்துவர் படித்த எண் பொய்யல்ல. அது மேசைமேல் இருந்த பூனையின் எண். வீட்டுப் பூனையின் எண் வேறு.

கூடையின் கதவு சாத்தப்பட்டதும் பூனையின் மூளை ஆபத்து என்று முடிவு கட்டிவிடுகிறது. செய்தி நரம்பு வழியாகச் சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் கொட்டுகின்றன. ஓடவோ சண்டை போடவோ தசைக்கு எரிபொருள் வேண்டும். கல்லீரல் சேர்த்து வைத்திருந்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக வெளியே தள்ளுகிறது. கணையத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச இன்சுலினும் அடங்கிப் போகிறது. பூனை திமிறத் திமிறத் தசையில் லாக்டேட் சேர்கிறது. கல்லீரல் அதையும் வாங்கிச் சர்க்கரையாக்கித் திருப்பி அனுப்புகிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான பூனைகளை ஐந்து நிமிடம் நீர் தெளித்து நனைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியது. திமிறலோடும், லாக்டேட், நார்அட்ரினலின் அளவுகளோடும் அந்த ஏற்றம் பொருந்திப் போனது. நோயே இல்லாத பூனைக்குக்கூட பயத்தில் 300-ஐத் தாண்டலாம். பூனைகளில் இது மிகவும் தீவிரம். ஆஸ்பத்திரிக் கூண்டிலேயே வைத்திருந்தால் நாள்கணக்கில்கூட இறங்காமல் நிற்கும்.

ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவது ஆபத்து. இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று ஃபிரக்டோசமைன். ரத்தத்தில் மிதக்கும் புரதங்களில் சர்க்கரை மெல்ல ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த ஒன்றிரண்டு வாரத்தின் சராசரி கிடைக்கும். அப்பத்தாவுக்கு எடுக்கும் "மூணு மாசச் சர்க்கரை"யின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரப் பயம் அதில் பதியாது. ஆனால் சராசரிக்குள் பள்ளம் ஒளிந்துகொள்ளும். ராத்திரி தாழ்ந்து பகலில் ஏறினால், சராசரி நல்ல எண்ணாகவே தோன்றும்.

மற்றது வீட்டிலேயே அளப்பது. என் அனுபவத்தில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பூனையின் காதோரத்தில் மெல்லிய ரத்தநாளம் ஒன்று ஓடுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே காதைப் பிடித்தால் சிவந்த நூல்போலத் தெரியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் அரை நிமிடம் வைத்தால் அது விரியும். நாளத்துக்கும் காது விளிம்புக்கும் நடுவே துளி வாஸ்லின். இது இருந்தால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் மணியாக நிற்கும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சு, ஒரு குத்து. கடுகளவு ரத்தம் போதும், ஸ்ட்ரிப் தானே உறிஞ்சிக்கொள்ளும். முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு துண்டு அவித்த மீன். முதல் வாரம் மூன்றில் ஒரு தடவைதான் எனக்குச் சரியாக வந்தது. இப்போது மீட்டரின் பீப் சத்தம் கேட்டாலே முகப்புத் திண்ணைக்குப் பட்டாணி வந்து உட்கார்ந்துவிடுகிறான். மீனுக்காகத்தான்.

முதலில் அப்பத்தாவின் மீட்டரில்தான் பார்த்தேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனை ரத்தத்தில் மிகப் பெரும்பகுதி அணுக்களுக்கு வெளியே, பிளாஸ்மா என்கிற திரவத்தில்தான். மனித மீட்டர் மனிதக் கணக்கை வைத்தே எண்ணைச் சொல்லும், அதனால் பூனைக்குப் பொதுவாக உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். விலங்குகளுக்கென்றே மீட்டர்கள் உண்டு. கிடைக்காவிட்டால் எந்த மீட்டரில் எடுத்த எண் என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பதினான்கு நாள் தோலில் ஒட்டியிருக்கும் மனித சென்சார்களையும் பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்; ரோமம் மழித்து ஒட்ட வேண்டும், பூனை பிய்த்துப் போடாமல் இருக்க வேண்டும்.

ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதினால், சர்க்கரை இறங்கி, ஓரிடத்தில் அடி தொட்டு, மறுபடி ஏறும் வளைவு கிடைக்கும். மருத்துவர் பார்க்க விரும்புவது அந்த அடியைத்தான். 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் நல்லது. எங்கள் நோட்டில் இரண்டு யூனிட்டுக்கு அடி 52. அதைக் காட்டியதும் ஒரு யூனிட்டுக்கே திரும்பினார்.

இன்னொரு பயம் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அப்பத்தாவின் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், பட்டாணியினுடையது 100. அவருக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, அவனுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாற்றி எடுத்தால், 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தாலே இரண்டரை யூனிட் போய்விடும். அந்த எடைக்கு அது கொல்லும் அளவாகவும் ஆகலாம். பட்டாணியின் சாமான்களை மட்டும் ஒரு பழைய நீல மங்குக் கிண்ணத்தில் தனியாக வைத்தேன். அப்பத்தா அந்தக் கிண்ணத்தைத் தொடமாட்டார். நான் அவருடைய தட்டைத் தொடமாட்டேன்.

வீட்டில் அளப்பதால் மாட்டாஸ்பத்திரியே வேண்டாம் என்றாகாது. பல், சிறுநீரகம், எடை இவற்றையெல்லாம் கைபட்டுத்தான் பார்க்க வேண்டும். சாப்பிட மறுத்து வாந்தி எடுத்தால், மூச்சில் பழம் அழுகிய நெடி வந்தால், அது கொழுப்பு எரிந்து ரத்தம் புளித்துப்போன நிலை. அப்போது நோட்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, ஓட வேண்டும்.

பயணத்தைத்தான் மாற்ற முடியும். கூடையை நாங்கள் இப்போது பரணில் ஏற்றுவதில்லை. கதவைக் கழற்றி, அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையை மடித்துப் போட்டு, முகப்பிலேயே கிடக்கிறது. மதியத் தூக்கம் அதில்தான். புறப்படும் நாளில் கதவை மாட்டி, மேலே துண்டைப் போர்த்திவிடுவோம். பார்வை மறைந்தால் பயம் பாதி குறைகிறது. பயத்தைத் தணிக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த கபாபென்டின் மருந்து, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உணவில் கலந்து. வரிசையில் நிற்காமல் வேப்பமரத்தடியில் காத்திருந்து, எங்கள் முறை வந்ததும் உள்ளே போகிறோம்.

போன மாதம் கொண்டு போன அன்று, வீட்டுத் திண்ணையில் காலையில் எடுத்த எண் 142. மேசைமேல் எடுத்தது 341. மருத்துவர் என் நோட்டை வாங்கி, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அவருடைய பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மருந்துச் சீட்டில் மாற்றமில்லை. காலை ஒரு யூனிட், மாலை ஒரு யூனிட்.