தில்லியிலிருந்து டோக்கியோ: போக ஏழரை மணி, திரும்ப ஒன்பதரை

தில்லி இந்திரா காந்தி விமான நிலையத்துக்கும் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர். குளிர்காலத்தில் இத்தூரத்தைக் கடந்து நரிதாவை அடைய ஏறத்தாழ ஏழரை மணி நேரமும், அங்கிருந்து தில்லிக்குத் திரும்ப ஒன்பதரை மணி நேரமும் ஆகின்றன.

5,900 என்ற எண், புவிக்கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடாகிய பெருவட்டத்தின் நீளமாகும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து வரைந்தால் கிடைக்கும் நேர்கோடு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் இருக்கும். பெருவட்டமோ வடக்கே 37 பாகையைத் தாண்டி வளைந்து, 36 பாகைக்கும் சற்றுக் குறைவான அட்சரேகையில் உள்ள நரிதாவுக்கு இறங்குகிறது.

ஆயினும் விமானங்கள் இக்கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. அது இமயமலையையும் திபெத் பீடபூமியையும் கடந்து செல்கிறது. விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், பயணிகளின் ஆக்சிஜன் தீர்வதற்குள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரைமட்டமே சராசரியாக 4,500 மீட்டர் என்னும்போது அங்கே எங்கு இறங்குவது? ஆகவே தெற்கே ஒதுங்கிச் செல்லும் வழியே வழக்கமாகிறது.

இந்தச் சுற்று இரு திசைக்கும் பொது என்பதால், இரண்டு மணி நேர வேறுபாட்டுக்கு அது காரணமாகாது. காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே உலகிலேயே மிக வலுவாக வீசுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. நரிதாவுக்கு அருகிலுள்ள தாதெனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்த ஜப்பானிய வானிலையியலாளர் வாசபுரோ ஓயிஷி, தம் முடிவுகளை உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-இல் உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்டும் சிலரே அறிந்திருந்த எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே அநேகமாக யாரும் படிக்கவில்லை.

விமானத்தின் வேகம் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டு அளக்கப்படுவது. பயண நேரமோ தரையைப் பொறுத்த வேகத்தால் அமைகிறது. சுற்றுவழியையும் ஏறி இறங்கும் நேரத்தையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்கு வழிநெடுக 100 கிலோமீட்டர் வேகக் காற்று துணைநின்றால் 5,900 கிலோமீட்டரை 5 மணி 54 நிமிடத்தில் கடக்கும்; அதே காற்று எதிர்த்தால் 7 மணி 22 நிமிடம் பிடிக்கும். போகும்போது கிடைத்த ஆதாயமும் வரும்போது நேர்ந்த இழப்பும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றலாம். அப்படி ஆவதில்லை. காற்றே இல்லாவிட்டால் போய்வர 13 மணி 7 நிமிடம் போதும். காற்றிருந்தால் ஏறத்தாழ 10 நிமிடம் கூடுகிறது, ஏனெனில் எதிர்க்காற்றில்தான் விமானம் அதிக நேரம் இருக்கிறது.

பயணச்சீட்டைப் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தலைகீழாகத் தெரியும். ஜப்பானின் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முந்தியிருப்பதால், அந்தந்த ஊர் நேரத்தைக் காட்டும் சீட்டில் ஏழரை மணிப் பயணம் 11 மணி நேரமாகவும் ஒன்பதரை மணிப் பயணம் 6 மணி நேரமாகவும் தோன்றும். கோடையில் காற்றோட்டம் தளர்ந்து வடக்கே நகர்ந்துவிடும்போது இரு திசை நேரங்களும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அதற்கேற்ப விமான நிறுவனங்கள் பருவந்தோறும் கால அட்டவணையைத் திருத்துகின்றன.