மருந்து வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நெல் பொதி கட்டும் பருவம். குத்தை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டை ஒட்டி, பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு பூச்சிகள் தத்துகின்றன. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான். வயலுக்குச் சொந்தக்காரர் கேட்கிறார்: "தம்பி, என்ன அடிக்கலாம்?"

மருந்துக்கடையில் இதற்கு அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இயற்கை வேளாண்மையில் ஆலோசனை சொல்லப் பயிற்சி பெற்ற ஊர்ப்பிள்ளை அப்படிச் சொல்லிவிட முடியாது. வயலுக்குள் இறங்கி, குனிந்து, குத்துக் குத்தாக எண்ண வேண்டும். பூச்சியை மட்டும் எண்ணினால் போதாது, சிலந்தியையும் எண்ண வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்கு வகுத்திருக்கும் பொருளாதாரச் சேத நிலை இதுதான்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், 1 பூச்சி இருந்தாலே நடவடிக்கை தேவை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். தூருக்கு ஒன்றரைப் பூச்சி இருக்கும் இரண்டு வயல்களில் ஒன்றுக்கு உடனே வேலை இருக்கிறது, இன்னொன்றை ஒரு வாரம் விட்டுவிடலாம். சிலந்தி இருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் சொல்லவே முடியாது.

இந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள உயிரியல் தெரியாமல் ஆலோசகராக நடமாடுவது ஆபத்து என்று நினைக்கிறேன். தாய்ப்பூச்சி முட்டையை இலையின் மேல் வைப்பதில்லை. இலையுறையைக் கீறி உள்ளே செருகிவைக்கிறது. மேலே தெளிக்கும் பூச்சிக்கொல்லி பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. வெளியே திரியும் ஓநாய்ச் சிலந்திகளும், புகையானின் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகளும்தான் முதலில் சாகின்றன. சில நாட்களில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது, அவற்றைத் தின்ன வயலில் ஆளே இல்லை. புகையான் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். சிலந்தி அவ்வளவு வேகமாகப் பெருகாது. ஆக, மருந்து அடித்த வயலில்தான் பூச்சி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. உழவர் மறுபடியும் அடிக்கிறார்.

ஒரு நாடே இந்தச் சுழலில் சிக்கியிருக்கிறது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு கண்ட இந்தோனேசியா, அடுத்த இரண்டே ஆண்டுகளில் புகையானால் அதை இழக்கும் நிலைக்கு வந்தது. பூச்சிக்கொல்லி விலையின் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்துவந்த காலம் அது. 1986 நவம்பரில் நெல்லுக்குப் பயன்படுத்திய 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளை அதிபரின் ஆணை தடை செய்தது. 1989-க்குள் மானியமும் நின்றது. அதன் பிறகும் நெல் உற்பத்தி வளர்ந்தது. ஆனால் தடையாணையால் மட்டும் உழவரின் கை நின்றுவிடாது. அடிக்காமல் வேறு என்ன செய்வது என்று யாராவது வயலில் நின்று காட்ட வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு 1989-ல் அங்கே தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகள் அதைச் செய்தன. இன்று தமிழ்நாட்டு வேளாண் துறை நடத்தும் உழவர் வயல்வெளிப் பள்ளிகளுக்கும் அதுதான் மூலம்.

அந்தப் பள்ளி நடக்கும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞர்களைப் பயிற்றுவிக்க இதைவிட நல்ல வழியை நான் இன்னும் காணவில்லை. வாரம் ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை. இருபத்தைந்து பேர், ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவும் வயலைக் குறுக்காக நடந்து 10 குத்துகளைப் பார்க்கும். தூர் எத்தனை, இலை எத்தனை, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை, தண்ணீர் எவ்வளவு, வெயிலா மேகமா. பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பெரிய தாளில் அந்த நெற்குத்தை வரைவார்கள். ஒரு பக்கம் பகைப் பூச்சிகள், மறுபக்கம் நண்பர்கள், எண்ணிக்கையோடு. வரைந்த பிறகு குழு ஒரு முடிவைச் சொல்ல வேண்டும், மற்றக் குழுக்கள் குறுக்குக் கேள்வி கேட்கும். பயிற்சியாளர் விடை சொல்வதில்லை. "இது என்ன பூச்சி?" என்று யாராவது கேட்டால், "எங்கே பார்த்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார்.

தெரியாத பூச்சியைப் பிடித்து, வலை சுற்றிய தொட்டிச் செடியில் நான்கைந்து புகையானோடு விட்டுவிடுவார்கள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் யார் யாரைத் தின்றார் என்று தெரிந்துவிடும். ஓர் ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் ஐந்து முதல் பதினைந்து இரைகளைத் தின்னும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, தான் விட்ட பூச்சிகள் காணாமல் போனதை எண்ணிப் பார்ப்பது வேறு. இன்னொரு சோதனை கத்தரிக்கோலால். இளம்பயிரின் இலைகளில் ஒரு பங்கை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, வெட்டாத பாத்தியோடு அறுவடையில் ஒப்பிடுவார்கள். நெல் இளம்பருவத்தில் இழந்த இலையை ஈடுகட்டிக்கொள்ளும். நட்ட முதல் 30 நாட்களில் இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிப்பது பெரும்பாலும் வீண்செலவு என்பதைப் பிலிப்பைன்ஸிலும் வியட்நாமின் மீகாங் கழிமுகத்திலும் உழவர்களே தங்கள் வயலில் சோதித்து உறுதிசெய்தார்கள். அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்த ஓர் இளைஞருக்கு இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டால் பதற்றம் வராது. ஆலோசகருக்கு வேண்டிய முதல் தகுதி அந்தப் பதறாமைதான்.

இந்தோனேசிய ஆய்வில் கிடைத்த இன்னொரு செய்தி, இயற்கை உரத்தையும் பூச்சி மேலாண்மையையும் ஒரே நூலில் கோர்க்கிறது. ஜாவாவின் நெல்வயல்களை ஆராய்ந்த வில்லியம் செட்டிலும் அவரது குழுவினரும் 1996-ல் வெளியிட்ட முடிவு அது. நட்ட புதிதில் வயலில் பகைப் பூச்சிகள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் சிலந்திகள் அப்போதே ஏராளமாக இருந்தன. எதைத் தின்று? மட்கும் பொருள்களையும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களையும் உண்டு வளரும், கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத சிறு ஈக்களை. வயலில் மட்கு அதிகமானால் அந்த ஈக்கள் அதிகம். ஈக்கள் அதிகமானால் சிலந்திகள் அதிகம். புகையான் வந்து சேரும்போது அதைத் தின்னும் படை ஏற்கெனவே தயார். தொழுவுரமும் பசுந்தாள் உரமும் போட்ட வயலில் பூச்சி குறைவாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஒரு காரணம் இதில் கிடைக்கிறது. முதல் மாதத்தில் தேவையில்லாமல் அடிக்கும் ஒரு தெளிப்பு எதைக் கெடுக்கிறது என்பதும் தெரிகிறது.

பயிற்சிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது உரக் கணக்கு. இயற்கை வேளாண்மையில் மண்ணுக்கு ஊற்றும் நுண்ணுயிர்க் கரைசலான ஜீவாமிர்தத்தில் ஒரு பீப்பாயை எடுத்துக்கொள்வோம்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். இது ஓர் ஏக்கருக்கு. இதில் தழைச்சத்து (நைட்ரஜன்) எவ்வளவு இருக்கும் என்று கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 200 கிராம் வரும். ஏக்கருக்கு 2 டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்து 30 முதல் 40 கிலோ. மாதம் இரண்டு முறை ஊற்றினாலும் இந்த இடைவெளி நிரம்பாது. நுண்ணுயிர்கள் மண்ணில் பிணைந்து கிடக்கும் சத்தை விடுவிக்கும் என்பது உண்மை. ஆனால் அது சேமிப்புக் கணக்கிலிருந்து எடுப்பது, யாராவது போட்டுக்கொண்டே இருந்தால்தான் எடுக்க முடியும்.

அப்படிப் போடுபவை தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி, பயறு வகைகள், தொழுவுரம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள் வாக்கில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் 25 கிலோவுக்கு மேல் தழைச்சத்து மண்ணுக்கு வரும். ஏன் அந்த நாள்? அதற்கு முன் உழுதால் தழை போதாது. பிந்தினால் தண்டு நாராகிவிடும். நாரில் கரிமம் (கார்பன்) அதிகம், தழைச்சத்து குறைவு. அப்படிப்பட்ட பொருளைச் சிதைக்கும்போது நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்டுவதற்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 பங்குக்கும் மேல் கரிமம் இருக்கிறது. 20 அல்லது 25-க்குக் கீழே வந்தால்தான் பயிருக்கு மிச்சம் விழும். வைக்கோலை மட்க விடாமல் உழுத உடனே நட்ட வயலில் பயிர் மஞ்சளாகி நிற்பதற்குக் காரணம் இது. அங்கே போய் எந்தக் கரைசலைத் தெளித்தாலும் பெரிய பயன் இராது.

மஞ்சளிலும் வேறுபாடு உண்டு. அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்தை அப்படி நகர்த்த முடியாது, ஆகவே இளந்தளிர்தான் முதலில் வெளுக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டியதில்லை, எந்த இலை என்று பார்க்கக் கற்றால் போதும்.

வேப்பங்கொட்டைக் கரைசலில்தான் உழவர்கள் அதிகம் ஏமாற்றமடைகிறார்கள், அதற்குப் பொறுப்பு அரைகுறைப் பயிற்சி. 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கித் தெளிக்கும் செய்முறையை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவைச் சுருண்டு விழச் செய்யாது. தின்னவிடாமல் தடுக்கும், தோலுரிப்பதைக் குலைக்கும். மறுநாளும் புழு இலையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் உழவர் மறுநாளே மருந்துக்கடைக்குப் போய்விடுவார். வெயில் பட்டால் அது சிதைந்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். கொட்டை பழையதாகிப் பூசணம் பிடித்திருந்தால் வீரியம் இராது. முழுதாக வளர்ந்த புழுக்களைவிட இளம்புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும்.

அந்தப் புகையான் வயலுக்கு வருவோம். எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தால் என்ன செய்வது? முதலில் தண்ணீரை வடித்துச் சில நாள் காயவிட வேண்டும். தூர் அடியின் ஈரப்பதம்தான் புகையானுக்குப் பிடித்த இடம். தழைச்சத்தை மேலும் போடுவதை நிறுத்த வேண்டும், ஏனென்றால் சத்து மிகுந்த சாறு கிடைத்தால் அது கூடுதலாக முட்டையிடும். அடுத்த நடவுக்கு எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் அடிவரை போகும். இவ்வளவையும் சொல்ல அந்த இளைஞர் வயலின் நடவு நாளையும், போட்ட உரத்தையும், தண்ணீர் வரும் முறையையும் அறிந்திருக்க வேண்டும். அதே ஊரில் வாழ்பவரால்தான் அது முடியும். நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் நிபுணரால் முடியாது.

ஆந்திரம் இதைப் புரிந்துகொண்டது. 2016-ல் தொடங்கிய அம்மாநிலத்தின் சமூக இயற்கை வேளாண்மைத் திட்டம், பரப்பும் வேலையைப் பெரும்பாலும் அலுவலர்களிடம் விடாமல், தாங்களே இயற்கை முறைக்கு மாறிய உழவர்களிடமும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமும் கொடுத்தது. வேளாண் பட்டம் பெற்ற இளைஞர்களைக் கிராமங்களிலேயே தங்கிப் பயிர் செய்யவும் வைத்தது. அந்தத் திட்டம் 2024-ஆம் ஆண்டு குல்பெங்கியன் பரிசைப் பகிர்ந்துகொண்டது. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்ற இயற்கை வேளாண் பயிற்சிப் பண்ணையை அமைத்து இளைஞர்களைத் தங்கவைத்துக் கற்பித்ததும் இதே நம்பிக்கையில்தான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி அறுபது வயது மாமாவிடம் "இந்த வாரம் அடிக்காதீங்க மாமா" என்று சொன்னால் அவர் ஏன் கேட்கவேண்டும்? அவளுடைய வீட்டு வயலில் ஒரு பகுதி அடிக்காமல் விட்டுக் கதிர் முற்றி நிற்பதை அவர் போகிற வழியில் பார்த்திருந்தால் கேட்பார். பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் பத்து சென்ட் நிலமாவது சொந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆலோசகர்கள் இல்லாமல் மாற்றம் வந்தால் என்னாகும் என்பதை இலங்கை கண்டது. 2021-ல் இரசாயன உரம், பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதிக்கு ஏறக்குறைய ஒரே இரவில் தடை வந்தது. போதுமான மட்கு உரம் இல்லை, பசுந்தாள் விதை இல்லை, வயலில் நின்று வழிகாட்ட ஆள் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டாலும் 2021-22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அதைச் சுமந்தவர்கள் சிறு உழவர்கள். அந்தத் தோல்வியை இயற்கை வேளாண்மையின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மண்ணில் கரிமம் ஏறவும் சிலந்தி திரும்பவும் பல பருவங்கள் ஆகும் என்பதை ஆணை போட்டவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தியாவில் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம் 15,000 தொகுப்புகளில் தொகுப்புக்கு இருவராக 30,000 கிருஷி சகிகளையும் (உழவர்களுக்கு வழிகாட்டும் ஊர்ப்பெண்கள்) சமூக வள நபர்களையும் நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறது. எண்ணிக்கை பெரிது, வரவேற்கிறேன். அவர்களுக்குச் சில நாள் வகுப்பும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பினால் கரைசல் செய்முறையை ஒப்பிப்பவர்கள் கிடைப்பார்கள். நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை ஒரு முழுப் பருவம் வாரந்தோறும் வயலில் எண்ணவைத்தால்தான் ஆலோசகர்கள் கிடைப்பார்கள்.

அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதும் அறிவியலைப் போலவே முக்கியம். மருந்துக்கடையில் ஆலோசனை இலவசம், அதன் விலை புட்டியின் விலைக்குள் இருக்கிறது. "ஒன்றும் வாங்க வேண்டாம், வியாழக்கிழமை மறுபடி எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்பவருக்கு விற்க எதுவும் இல்லை. கரைசலும் எருவும் விற்றுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று இவர்களிடம் சொல்லக்கூடாது. விற்கத் தொடங்கினால் இவர்களும் அடிக்கச் சொல்லத் தொடங்குவார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஊராட்சியோ மாத ஊதியம் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு இடுபொருள் விற்றார் என்பதைப் பார்க்காமல், எத்தனை வயல்களின் எண்ணிக்கைப் பதிவேட்டை நடவிலிருந்து அறுவடை வரை விடாமல் எழுதியிருக்கிறார் என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.