பிரைமர் டைட்டாக இருந்தால் தட்டாதீர்கள்

ரீலோடிங், அதாவது காலித் தோட்டாக் கூட்டில் மருந்தும் குண்டும் போட்டு வீட்டிலேயே தோட்டா செய்கிற வேலை, அதன் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் சேலத்தில் இப்போது கூடிவிட்டார்கள். பெரும்பாலும் ரேஞ்சில் சுடுகிற பிள்ளைகள். "சார், புது பித்தளை கேஸ்ல பிரைமர் ஏன் அவ்வளவு டைட்டா போகுது, லேசா தட்டி உட்கார வைக்கலாமா?" என்று யாரோ தூரத்துச் சொந்தக்காரருக்காகக் கேட்பது மாதிரி கேட்பார்கள். கேஸ் என்பது தோட்டாவின் கூடு, பிரைமர் என்பது அதன் பின்புறக் குழியில் உட்கார்ந்து, அடி வாங்கியதும் தீப்பொறி விடுகிற சின்னக் கிண்ணம். ராணுவத்தில் ஆர்மரராக இருந்துவிட்டு இங்கே உரிமத்தோடு துப்பாக்கி பழுது பார்க்கிறவன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள், தெரியும்தான். ஆனால் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன, 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமம் தோட்டா செய்யக் கொடுத்த உரிமம் ஆகாது.

சரி, கேள்விக்கு வருவோம். டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், அங்கே அது சட்டப்படி சரியான பொழுதுபோக்கு. வீடியோவில் இரண்டு நொடியில் முடிகிற வேலைக்கு அந்த மனிதர் எவ்வளவு நிதானம் காட்டினார் தெரியுமா! தட்டுவது என்ற பேச்சே கிடையாது. பிரைமரை உட்கார வைக்கிற கருவியின் கைப்பிடியை மெதுவாக அழுத்துவார், பிரைமர் குழியின் அடியைத் தொட்டது விரலுக்குத் தெரிந்ததும் இன்னும் ஒரு துளி அழுத்தம், அவ்வளவுதான்.

அந்த ஒரு துளிக்குக் காரணம் இருக்கிறது. பிரைமருக்குள் ஒரு சிட்டிகைக்கும் குறைவான வெடிமருந்து, பெரும்பாலானவற்றில் லெட் ஸ்டிஃப்னேட் என்கிற ஈயச் சேர்மம், அதன்மேல் அன்வில் என்று கால் முளைத்த சின்னத் தகடு. துப்பாக்கியின் ஃபயரிங் பின் என்கிற ஊசி பிரைமரின் பின்பக்கம் குத்தும்போது மருந்து நசுங்க வேண்டுமென்றால் அந்தத் தகடு நகராமல் இருக்க வேண்டும், அதன் கால்கள் குழியின் அடியில் ஊன்றியிருந்தால்தான் நகராது. ஊன்றாமல் அரைகுறையாக நின்றுவிட்டால் பின்னின் அடி மருந்தை நசுக்குவதற்குப் பதில் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். க்ளிக் என்று சத்தம் மட்டும் வரும். இரண்டாவது அடியில் வெடிக்கும். ஏனென்றால் முதல் அடியே அதை உட்கார வைத்துவிட்டது.

அதனால்தான் பிரைமர் கேஸின் பின்புறத்தை விட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும் என்கிறார்கள். ரீலோடர்கள் சொல்கிற அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பங்கு. வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வெடிக்காமல் போவது ஒரு தொல்லை, அதைவிடப் பெரிய தொல்லை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் தோட்டாவைப் பின்னாலிருந்து மூடுகிற போல்ட் வேகமாக வந்து மோதும்போது ட்ரிக்கரைத் தொடாமலேயே வெடிப்பது.

புது கேஸில் டைட்டாக இருப்பது பழுது இல்லை. இன்னும் ஒருமுறைகூட சுடாத பித்தளை, குழி விரியவில்லை, விளிம்பும் சில சமயம் கூராக இருக்கும், பலமுறை சுட்ட கேஸில் வழுக்கிக்கொண்டு போவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஒரே ஒரு கேஸ் மட்டும் அடம் பிடித்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரைமர் சாய்ந்திருக்கலாம், 5.33 மில்லிமீட்டர் பெரிய பிரைமரை 4.45 மில்லிமீட்டர் குழியில் திணிக்கப் பார்த்திருக்கலாம், ராணுவத் தோட்டாவாக இருந்தால் விளிம்பை நசுக்கிப் பிரைமரைப் பூட்டிய கிரிம்ப் அப்படியே இருக்கலாம். பலத்தைக் கூட்டுவது இதில் எதற்கும் தீர்வில்லை. மருந்து தூங்குகிறது, அடித்தால் எழுந்துவிடும், அதைத் தயாரித்ததே அதற்குத்தான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ஏற்காட்டுக்காரர்கள் கேட்கலாம். உங்களுக்குத்தான் ரொம்பத் தேவை. சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிற எஸ்டேட்களில் தாத்தா காலத்து உரிமத்தோடு குழாயின் வாய் வழியே வெடிமருந்து போடுகிற ஒற்றைக்குழல் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி, மலைப் பனியில் துருவேறி என் மேஜைக்கு வரும். அவர்கள் சொல்கிற புகார் எப்போதும் ஒன்றுதான்: "முதல் அடில கேப்பு வெடிக்கல, ரெண்டாவது அடில வெடிச்சிருச்சு." கேப்பு என்பது இந்தத் துப்பாக்கியின் பிரைமர் மாதிரி, நிப்பிள் என்கிற சின்ன முனையில் மாட்டுகிற செம்புத் தொப்பி, குதிரை என்கிற சுத்தியல் அடித்தால் வெடிக்கும். வெடிக்காவிட்டால் அது ஈரக் கேப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஈரமாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்க்கிறவற்றில் பாதிக்கு மேல் நிப்பிள் துருப்பிடித்துத் தடித்திருக்கும், கேப்பு அடிவரை போய் உட்காராமல் நுனியில் நிற்கும், குதிரையின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே போயிருக்கும். டெக்சாஸ் பெஞ்சில் நடப்பதேதான், மேலே நாகலூர்ப் பக்கத்திலும் நடக்கிறது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கிற வைத்தியம்தான் பயங்கரம். கேப்பைக் கட்டை விரலால் அழுத்துவார்கள், போகவில்லை என்றால் குதிரையை மெதுவாக இறக்கி அழுத்துவார்கள், அதுவும் போகவில்லை என்றால் கல்லோ கத்தியின் பிடியோ. உள்ளே மருந்தும் ரவையும் போட்டுத் தயாராக இருக்கிற துப்பாக்கியில்! நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ ஆகிற செலவு ஒரு விரலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கேப்பு தானாகப் போகவில்லையா, எடுத்துவிடுங்கள்.

க்ளிக் என்று மட்டும் வந்தால் குழாயின் வாய் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே இருக்கட்டும். குறைந்தது ஒரு நிமிடம். சில சமயம் தீ உள்ளே மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கும், என்ன ஆச்சு என்று திருப்பிப் பார்க்கிற நேரத்தில் வெடிக்கும். காட்டுப்பன்றி ஓடிப் போனால் போகட்டும். (பன்றியைச் சுடுவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும், அது வேறு கதை.)

அப்புறம் கண். கேப்பு வெடிக்கும்போது அதன் செம்பு கிழிந்து துண்டுகள் பக்கவாட்டில் தெறிக்கும், கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்திருக்கிறவருக்கு அது கண்ணிலிருந்து ஒரு சாண் தூரம்தான். எழுத்து படிக்கப் போடுகிற கண்ணாடி இதற்குப் பயன்படாது, பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வெல்டிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கிறது. ரேஞ்சில் சுடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிரைமர் புகையிலும் ஏர் ரைஃபிள் பெல்லட்டிலும் இருப்பது ஈயம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பஜ்ஜி வாங்கித் தராதீர்கள்.

வீட்டில் பழைய கேப்புகளோ பிரைமர்களோ டப்பாவில் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊற வைத்தால் செத்துவிடும் என்று நம்பி வைக்கிறார்கள், காய்ந்த பிறகு மறுபடி வெடிக்கிற பிரைமர்கள் உண்டு. டப்பாவைக் குலுக்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, உரிமம் உள்ள ஆயுதக் கடைக்கோ காவல் நிலையத்துக்கோ போன் செய்து எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.